லோனப்பேட்டனின் நெஞ்சுப் பட்டை

எங்கள் ஊரில் சீரக வெள்ளத்தைத் தண்ணீர்க் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சீரகம் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, சாப்பாட்டோடு குவளை குவளையாகக் குடிப்போம். கஞ்சியின் வெள்ளமும் அப்படித்தான். தண்ணீர் என்றால் அது கிணற்றில் இருப்பது. எல்லாம் இந்தச் சின்ன விஷயத்தில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன், சார், அதனால் இதை முதலில் சொல்கிறேன். விசாரணைத் தாளில் எழுதிக்கொள்ளும்போது என் பெயரை ரோசிலி என்று மட்டும் போடுங்கள். டீச்சர் என்று போட வேண்டாம்.

என் கணவர் லோனப்பேட்டன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைந்து, நெஞ்சிலும் காலிலும் நீர் கட்டும் நோய் அவருக்கு. போன நவம்பரில் உங்கள் ஆஸ்பத்திரியில் அந்தப் பட்டையைக் கொடுத்தீர்கள். மார்பைச் சுற்றிக் கட்டினால், அதிலுள்ள சின்னப் பெட்டி நாடித்துடிப்பையும் மூச்சையும் நெஞ்சில் நீர் சேர்வதையும் அளந்து உங்கள் திரைக்கு அனுப்பும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் டின்ஸி. ஒன்பதாம் வகுப்பில் நான் ஹோம் சயன்ஸ் சொல்லிக்கொடுத்த பெண். நோயாளிகளின் உணவு என்ற பாடத்தில் அவளுக்கு இருபத்தைந்துக்குப் பதினொன்று போட்டது நினைவிருக்கிறது.

முதல் வாரமே அவள் போன் செய்தாள்.

"டீச்சர், நெஞ்சுல நீர் ஏறிட்டே போகுது. ஏட்டன் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறாரு?"

"தண்ணிய அவரு தொடறதே இல்ல மோளே."

"சீரக வெள்ளம்?"

"அது சாப்பாட்டுக்கு."

"டீச்சர், அதுவும் தண்ணிதான்."

சிரித்துவிட்டாள். பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது. அவள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஆனாலும் அன்று போனை வைத்த பிறகு அடுப்படியில் நெடுநேரம் நின்றேன்.

பிறகு அந்த வாட்ஸ்அப் குழு. வீட்டில் இதய நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பன்னிரண்டு பேர் அதில் இருந்தோம். சனிக்கிழமைதோறும் டின்ஸி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம் போடுவாள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. ஊக்கப்படுத்தத்தான் செய்தாள். எங்கள் வீட்டுக்கு முதல் மூன்று வாரமும் சிவப்பு, மஞ்சள், மறுபடி சிவப்பு. சந்தையில் மீன் விற்கும் கொச்சுறோசாவின் வீடு தொடர்ந்து பச்சை. அவளுடைய இரண்டு பெண்களையும் எழுத்துக்கூட்டி வாசிக்கவைத்தவள் நான். "டீச்சரே, வெஷமப்படாதீங்க, எனக்கும் மொதல்ல செவப்புதான் வந்துச்சு" என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினாள். அந்த ஆறுதலை என்னால் தாங்க முடியவில்லை. முப்பத்தோரு வருடம் மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டவள் நான்.

ஜனவரியில் எங்கள் தேவாலயத்தின் பிண்டிப் பெருநாள் வந்தது. வாசலில் வாழைத்தண்டு நட்டு விளக்கு வைத்தோம். கூர்க்கைக் கிழங்கு போட்ட பன்றி இறைச்சியின் வாசனை எல்லா வீட்டிலிருந்தும் வந்தது, எங்கள் வீட்டிலிருந்தும்தான். லோனப்பேட்டன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து மார்பைத் தட்டிக்காட்டினார். பட்டைக்கு அவர் வைத்த பெயர் செக்கர். டிக்கெட் பரிசோதகர்.

"இங்க பாரு ரோசிலி, செக்கர் நெஞ்சு மேலயே ஏறி உக்காந்திருக்கான். ஒரு துண்டு எறச்சிக்குக் கூட டிக்கெட் கேப்பான்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"இன்னைக்கு ஒரு நாள் அவன் உன் பஸ்ஸுல போகட்டும்."

இருவரும் சிரித்தோம். அவர் கழற்றித் தந்தார், நான் உள்ளே போய்க் கட்டிக்கொண்டேன். அவர் உடம்பின் சூடு அதில் இருந்தது. வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாளும் நான்தான் கட்டியிருந்தேன். விருந்து மிச்சம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை எங்களுக்குப் பச்சை வந்தது. கூடவே ஒரு நட்சத்திரமும், "டீச்சர்னா டீச்சர்தான்" என்ற வரியும். அதை ஏழு தடவை படித்தேன். சொல்லக் கூசுகிறது, சார், ஆனால் ஓய்வு பெற்ற பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

திங்கட்கிழமை அவர் பட்டைக்காகக் கையை நீட்டினார். இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றேன். அவருக்கும் சிறையிலிருந்து விட்டதுபோல இருந்தது. சரி என்றார்.

டின்ஸி ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று அவளைக் கேட்கிறீர்களாம். ஆறு வாரமாக அவளை வேலைக்கு வரவிடாமல் வைத்திருக்கிறீர்கள். அவளால் கண்டுபிடித்திருக்க முடியாது. தேறாத பிள்ளையின் மதிப்பெண் ஒரே தேர்வில் உயர்ந்தால் எந்தத் தலைமையாசிரியையும் விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்வார். இது எனக்குத் தெரியும். அதனால் அந்த இரண்டு நாள் கழிந்ததும், முதலில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் நான் கட்டிக்கொண்டேன், மீதி நேரம் அவர். அடுத்த வாரம் மதியத்திலிருந்து. பிப்ரவரி கடைசியில்தான் முழு நாளும். நடுவில் ஒரு வாரம் வேண்டுமென்றே மஞ்சள் வரவைத்தேன், மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கி. தினமும் அனுப்ப வேண்டிய எடையையும் நானே யோசித்து எழுதினேன். அறுபத்தெட்டரை, அறுபத்தெட்டே கால், அறுபத்தெட்டு. பரீட்சையில் காப்பியடித்த எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்து வெளியே நிறுத்தியிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் இவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

திரையில் எல்லாம் நன்றாக இருந்ததால், அவரை நேரில் காட்ட வேண்டிய நாளை டாக்டர் மூன்று மாதம் தள்ளிவைத்தார். நீர் இறக்கும் மாத்திரையைப் பாதியாக்கினார். காலையில் அதைக் கத்தியால் சரிபாதியாக வெட்டிக் கொடுத்தேன். மாத்திரை விஷயத்தில் டாக்டர் சொன்னதை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

மார்ச்சில் உங்கள் ஆஸ்பத்திரியில் குடும்பத்தார் கூட்டம் வைத்து, உப்பைக் குறைத்துச் சமைப்பது பற்றி என்னைப் பேசச் சொன்னீர்கள். நீங்களும் முன் வரிசையில் இருந்தீர்கள். குடம்புளியும் சின்ன வெங்காயமும் இருந்தால் உப்பை நாக்கு தேடாது என்று இருபது நிமிடம் பேசினேன். அது உண்மைதான், அப்படிச் சமைக்கலாம். டின்ஸி எனக்குப் பொன்னாடை போர்த்திக் கட்டிப்பிடித்தாள். பட்டையின் பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் அழுந்தியது. அவள் விலகிச் சிரித்துக்கொண்டே, "ஏட்டன் இன்னைக்கு நல்லா நடமாடியிருக்காரு டீச்சர், இப்பதான் பாத்துட்டு வந்தேன்" என்றாள். அவர் அன்று வீட்டில் கட்டிலைவிட்டு எழவில்லை.

ஏப்ரலில் அவர் கால் செருப்புக்குள் நுழையவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். இது என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரே நாளில் பச்சை சிவப்பானால் டின்ஸி வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அவள் படித்த ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் முன்னால் நான் தலைகுனிந்து நிற்க வேண்டும். அதனால் அவருக்குக் கொஞ்சம் தேறியதும் பட்டையைத் திருப்பிக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். இதைச் சொல்லும்போது என் காதிலேயே கேவலமாக விழுகிறது. அப்போது அது ஒரு நல்ல திட்டமாகத் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை காலையில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ரோசிலி, அத எனக்கு மாட்டிவிடு. டின்ஸி பாக்கட்டும்."

"சார்ஜ் போட்டிருக்கேன்."

நான் நைட்டி அணிந்திருந்தேன். பெட்டி துணிக்கு மேல் புடைத்துத் தெரிந்தது. அவர் கண் அங்கே போய்த் திரும்பி வந்தது.

"சரி," என்றார், "ஏறட்டும்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அரசு பஸ்ஸில் முப்பது வருடம் சத்தம் போட்ட மனிதர். ஏன் திட்டவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. மூச்சு போதவில்லையோ என்னவோ.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு வேர்த்துக்கொட்டியது. மூச்சில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. அதைப் பார்த்து நின்றபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பட்டை அதை உடனே அனுப்பிவிட்டது. மூன்று முப்பத்தெட்டுக்கு டின்ஸி கூப்பிட்டாள்.

"டீச்சர், ஏட்டனுக்கு நாடி நூத்து இருபத்தெட்டு காட்டுது. என்ன பண்றாரு?"

"பூனைய வெரட்ட மாடிப்படி ஏறினாரு மோளே."

"உக்கார வைங்க. ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?"

"வேண்டாம். உக்காந்துட்டாரு."

அவர் உட்கார்ந்துதான் இருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாற்பத்தொன்றுக்குப் பட்டை கழன்றதாகவும் ஐம்பத்திரண்டுக்கு மறுபடி உடம்பில் ஏறியதாகவும் உங்கள் தாளில் இருக்கிறது. அந்தப் பதினோரு நிமிடத்தைத்தான் நீங்கள் டின்ஸியிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அது என் பதினோரு நிமிடம். பட்டையை என் மேலிருந்து அவிழ்த்து அவருக்குக் கட்டினேன். அவர் உடல் நீர் கோத்துப் பருத்திருந்ததால் வாரை முழுதும் தளர்த்த வேண்டியிருந்தது. வேர்வையில் அது வழுக்கிக்கொண்டே இருந்தது. துண்டால் துடைத்து, மறுபடி துடைத்து, மூன்றாம் தடவைதான் நின்றது. சட்டை தைக்க அளவு கொடுப்பவரைப்போல அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். எனக்கு உதவினார். அவருடைய உண்மை நிலை டின்ஸிக்குத் தெரிய வேண்டும், போனில் நான் சொல்வதைவிடத் திரை தெளிவாகச் சொல்லும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் வருகிறவர்கள் பட்டையை என் மேல் பார்த்துவிடுவார்கள்.

பட்டை அவர் மேல் ஏறிய உடனே டின்ஸி யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டாள். அது நான்கு பத்தொன்பதுக்கு வந்தது. வர இருபத்தாறு நிமிடம் ஆகிறது. அவள் கேட்டபோதே சரி என்றிருந்தால் நான்கு நான்குக்கு வந்திருக்கும். அவர் நெஞ்சு நான்கு ஒன்பதுவரை துடித்ததாக உங்கள் பட்டை சொல்கிறது. இந்தக் கழித்தல் கணக்கை நான் தினமும் போட்டுப் பார்க்கிறேன், சார். விடை மாறுவதில்லை. டின்ஸி மேல் ஒரு தவறும் இல்லை, அவளை நாளைக்கே வேலைக்குக் கூப்பிடுங்கள். நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனை முடியாமல் வெளியே வரக்கூடாது என்பதால்தான் இதைச் சொல்லத் தாமதமானது. ஆனால் இரண்டாம் வாரமே நான் ரேஷன் கடைக்குப் போய்வந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. பட்டை கட்டிய பிறகு டின்ஸி மூன்று தடவை கூப்பிட்டாள், நான் நான்கு ஆறுக்குத்தான் எடுத்தேன். எங்கே இருந்தீர்கள் என்று அன்றே கேட்டீர்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் எடுக்க முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் அவர் பக்கத்தில் இல்லை. ஆட்கள் வருவார்கள் என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நைட்டியைக் கழற்றிச் சேலை கட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. மடிப்பு வைக்கும்போதுதான் கவனித்தேன், எடுத்திருந்தது வெள்ளைச் சேலை, சாவுக்குப் போகும்போது கட்டுவது. அவசரத்தில் கைக்கு அகப்பட்டது அதுதான் என்று இன்று காலைவரை நம்பியிருந்தேன். என் அலமாரியில் வெள்ளைச் சேலைகள் அடித்தட்டில் இருக்கின்றன. முழங்காலிட்டு, மற்றதையெல்லாம் நகர்த்திவிட்டுத்தான் எடுக்க முடியும்.