நான் அடித்துத் திருத்திய ஆறு பக்கங்கள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் எங்கள் அச்சக உரிமையாளர் அவர்களே, துயரில் ஆழ்ந்திருக்கும் அண்ணியார் அவர்களே, அவையோரே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம். முக்கால் மணி நேரம் தாமதித்து வந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். எங்கே போயிருந்தேன் என்பதை முடிவில் சொல்கிறேன்.

மறைந்த நம் பைண்டர் அண்ணனும் நானும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே கூடத்தில் பணியாற்றினோம். சன்னலோரம் என் மேசை. சுவரோரம் அவருடைய பசை வாளி. நான் பிழை திருத்திய தாள்களை அவர் புத்தகமாகத் தைத்தார். அவர் தைத்த புத்தகத்திலிருந்து ஒரு தாளாவது கழன்றதுண்டா? பள்ளிப் படியேறாமல், பிழை பார்த்துப் பார்த்தே தமிழ் கற்ற என்னைப் ‘புலவரம்மா’ என்று அழைத்தவர் அவர். கேலியாகத் தொடங்கிய பெயர், அவர் வாயிலேயே பட்டமாக மாறியது!

இருபது வயதில் அவர் போர்முனையில் காயம்பட்டோரைத் தூக்கிச் சுமந்தவர். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. சென்ற ஆண்டு அச்சகத்தின் பொன்விழா மலருக்காக, நான் வற்புறுத்திய பிறகே, ஆறு பக்கம் எழுதித் தந்தார். என்ன எழுதியிருந்தார் தெரியுமா? “பதினோரு நாள் பேதி. காலுறை காயவே இல்லை. யார் யாரைச் சுட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.” இப்படியே ஆறு பக்கம்!

நான் என்ன செய்தேன்? சிவப்பு மையெடுத்து அடித்தேன். பேதி போயிற்று, ‘அஞ்சா நெஞ்சம்’ வந்தது. காலுறை போயிற்று, ‘செங்குருதி தோய்ந்த மண்’ வந்தது.

படித்துப் பார்த்து அவர் தலையைச் சொறிந்தார். “நல்லாத்தான் இருக்கு, புலவரம்மா. ஆனா இதுல நான் எங்க இருக்கேன்?”

“அண்ணே, பேதியைப் படிக்கவா ஜனங்க மலர் வாங்குறாங்க?” என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

போரை நான் கண்டதில்லை. என் மகளும் கண்டதில்லை. அவள் மலரில் வந்த, நான் திருத்திய அந்த ஆறு பக்கங்களையும் மனப்பாடம் செய்தாள். எல்லையில் மறுபடியும் சண்டை மூண்டிருக்கும் இவ்வேளையில், சென்ற வாரம் படையில் சேரக் கையெழுத்திட்டு வந்து நின்றாள். எங்கே ஓடுவேன்? பைண்டர் அண்ணனிடம் ஓடினேன்.

வந்தார். கையில் ஒட்டிய பசைகூடக் காயவில்லை. அவள் எதிரே அமர்ந்து, அந்த ஆறு பக்கங்களிலும் எழுதாத ஒன்றைச் சொன்னார். “என் கூட்டாளி அடிபட்டுக் கெடந்தான். தண்ணி கேட்டான். என்கிட்ட ரெண்டு மடக்குதான் இருந்துச்சு. நானே குடிச்சிட்டேம்மா.”

என் மகள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நானா இருந்தா குடுத்திருப்பேன், மாமா.”

அவர் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் சொன்னார்: “நானும் இப்படித்தான் நெனச்சுட்டுப் போனேன்.” நான்காம் நாள், பாதி தைத்த புத்தகத்தின் மேல் சாய்ந்தார். எழவில்லை.

அவையோரே! அவர் எழுதிய ஆறு பக்கங்களையும் ஓர் எழுத்தும் தொடாமல் அச்சேற்றுவேன். இது நான் அவருக்குத் தரும் உறுதி. ஆனால் அச்சேற்றி என்ன பயன்? தண்ணீர் குடித்தவரே வந்து சொல்லியும் நடக்காதது, தாளில் வந்தால் நடக்குமா? எனக்குத் தெரியவில்லை, அண்ணியாரே. என் சிவப்பு மை இதற்கு உதவவில்லை.

தாமதத்தின் காரணம் இதுதான்: படைக்கு ஆள் சேர்க்கும் அலுவலகத்தில் நின்றிருந்தேன். “நீங்க கையெழுத்துப் போட்டா செல்லாதும்மா. அவங்களே போடணும். நாளைக்கு மதியம் வரைக்கும்தான் டைம்” என்றார் எழுத்தர். விலகல் படிவம் இதோ, என் கையில் இருக்கிறது.

மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் என் மகளே! அடுக்குமொழி எதுவும் எனக்கு இப்போது வரவில்லை. போறியா, இருக்கியா? சீக்கிரம் சொல்லும்மா.