பழைய நம்பர்

பாறசாலையிலிருந்து வேலை தேடி நெய்யாற்றின்கரைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன்சீட்டில் ஒரு பெண் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு போனில் சொன்னாள்:

"செத்தவனுக்க நம்பரையே புதியவனுக்குக் குடு மக்கா."

பக்கத்தில் இருந்த அவள் அண்ணன் திரும்பினார். "எட்டீ, ஆரு செத்தது?"

"சர்வராக்கும் அண்ணா. கடல்ல காத்துண்ணா உங்களுக்கு மெசேஜ் வருமே, அது மூணு சர்வர்ல ஓடுது. கொறஞ்சது ரெண்டு வேணும். காலைல ரெண்டு செத்துப்போச்சு."

"நான் உச்சைக்கு, பன்னெண்டு மணிக்கு, வள்ளம் எறக்கணும். புதுசு வைக்கப்பிடாதா?"

"ஒண்ணு வெச்சாச்சு. இந்த போன்ல பேசுற பய அதுக்குப் புது நம்பர் போட்டுட்டான். வேலை எல்லாம் பழைய நம்பர்லயாக்கும் கெடக்கு. புதியவன் சும்மா நிக்கான்."

"வள்ளத்துல ஒருத்தன் வரல்லேண்ணா, பதிலுக்கு ஏறுறவன் அவனுக்க எடத்துலதானே இருக்கணும்? இதுகூடத் தெரியாதா?"

"அம்பூரி மலைக்காரன். புது ரப்பர் மரத்துக்கெல்லாம் புது நம்பர் போட்டு வளந்த பய."

போனில் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "மாத்தியாச்சாம். சாவாம நிக்கிறவன்கிட்ட இருந்து புதியவன் காப்பி எடுக்கான். இப்ப வரும் பாரு."

பஸ் அமரவிளையில் நின்றபோது அண்ணனின் போன் ஒலித்தது. அவர் வாசித்தார்.

"உச்சைக்கு மேல காத்து உண்டாம். கடலுக்குப் போகாண்டாமாம்."

"நான் சொல்லல்லியா?"

"சொன்ன. புதியவனுக்கு வேலை கெடச்சாச்சு. எனக்குத்தான் இண்ணைக்கு இல்ல."