பச்சைப் புடவை

அடையாறிலிருந்து மயிலாப்பூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்ட வெட்டிய தலைமுடியைப் பார்த்தாலே அவர் போலீஸ் என்று தெரிந்தது. பாலத்தின் மேல் பஸ் ஏறும்போது அவர் மெதுவாகச் சொன்னார்.

"நேத்து உன் பச்சப் பொடவ மேல துப்பாக்கியால சுட்டுட்டேன்."

"இன்னாயா சொல்ற?"

"டிரெய்னிங்ல பொம்மைக்குக் கட்ட பழைய பொடவ கேட்டாங்கன்னு வாங்கினு போனேன்ல, அதான். ஒருத்தன் ஒரு பொம்பளைய ரூம்ல புடிச்சு வெச்சுகினு கீறான், நாங்க காப்பாத்தணும். உள்ள பூறதா, வெய்ட் பண்றதான்னு நான்தான் முடிவு பண்ணணும்."

"நீ பூந்துட்ட."

"அவன் தண்ணி கேட்டான். தண்ணி கேக்கறவன் எறங்கி வர்றான், பேசிகினே இருக்கணும்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. எனக்குப் பொறுக்கல. கதவ ஒடச்சு உள்ள போனேன். குண்டு அவ மேல பட்டுடுச்சு."

"நெஜ குண்டா?"

"பெயிண்ட்தான். அது பொம்மைன்னும் தெரியும். ஆனா உன் பொடவைல செவப்பப் பாத்ததும் ஓடிப் போயி கையாலயே தொடச்சேன்."

அந்த அம்மாள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். லஸ் நிறுத்தம் நெருங்கியது.

"மறுபடி எப்போ?"

"நாளைக்கு."

"என் கல்யாணப் பொடவய எடுத்துனு போ," என்றார் எழுந்துகொண்டே. "அதக் கட்டி வுடு. அப்பவாவது அவனுக்குத் தண்ணி குடுப்ப."