மலையில் விழுந்தவருக்கு எடுத்துப்போன சோறு

1952 டிசம்பர் 13, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜாசின் போலீஸ் ஸ்டேஷனில், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஜெயமணி மூலம் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் முனியாயி. வயது 36. கணவர் மருதமுத்து, காலமாகிவிட்டார். தொழில் பால்மரம் வெட்டுதல். நியாலாஸை அடுத்த சுங்கை தெராப் தோட்டம், மூன்றாம் லயம், ஏழாம் நம்பர் வீட்டில் குடியிருக்கிறேன்.

இம்மாதம் 9ஆம் தேதி காலை மழை பிடித்துக்கொண்டதால் வெட்டை நிறுத்தச் சொன்னார்கள். லேடாங் மலையின் அடிவாரம் வரை மேகம் இறங்கியிருந்தது. நானும் கங்காணி மாயாண்டியும் மேட்டு மர நிரையில் பால் பிடிக்கும் மங்குகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளைச் சரணடையச் சொல்லிக் காகிதம் போட வரும் சின்ன ஏரோப்பிளேனின் சத்தம் கேட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. மேகத்துக்குள்ளேயே மூன்று முறை சுற்றியது. மூன்றாம் முறை சத்தம் மிகவும் தாழ்ந்து வந்து, அதன் பிறகு மரங்கள் முறியும் சத்தம் கேட்டு, அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும் இருந்தது. கங்காணி ஆபீசுக்குப் போய்க் கணக்கெழுதும் கிராணி சிவசாமியிடம் சொன்னார். கிராணி போன் போட்டு விசாரித்துவிட்டு, ஒரு ஏரோப்பிளேன் காணாமல்போனது உண்மைதான், அது ஜொகூர் பக்கம் விழுந்திருக்கும் என்று பட்டாளம் அங்கே தங்காக்கில் தேடுகிறது என்றார்.

10ஆம் தேதி மழை விட்டிருந்தது. என் நிரையின் கடைசி மரம் எல்லை ஓடையை ஒட்டியது. அதை வெட்டும்போது ஓடைக்கு அப்பாலிருந்து தகரத்தில் தட்டும் சத்தம் விட்டுவிட்டு வந்தது. ஓடையைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவு எனக்குத் தெரியும். தாண்டினேன். கால் மைல் ஏறிய பிறகு ஏரோப்பிளேனைக் கண்டேன். மூக்கு மண்ணில் குத்தியிருந்தது, ஒரு இறக்கை மரத்தில் தொங்கியது. பின் சீட்டில் ஒரு வெள்ளைக்காரர் இறந்து கிடந்தார். மேல்வரிசையில் அவருக்கு ஒரு தங்கப்பல். அவர் கண்களை மூடிவிட்டேன். முன் சீட்டில் இருந்தவருக்கு உயிர் இருந்தது. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். இரண்டு கால்களும் தகரத்துக்குள் மாட்டியிருந்தன. இழுத்துப் பார்த்தேன், அலறினார், விட்டுவிட்டேன். என்னிடமிருந்த தண்ணீரைக் கொடுத்தேன். குடித்துவிட்டு வாயையும் வயிற்றையும் தொட்டுக் காட்டினார். "பேசோ, நாளைக்கு" என்று மலாயிலும் தமிழிலும் சொல்லி, சோறு கொண்டுவருவதாகக் கையால் காட்டினேன். தலையை ஆட்டினார்.

அதன் பிறகு கங்காணியிடம் வந்து சொன்னேன். அவர், "எல்லையத் தாண்டுனேன்னு நீயே போய் மாட்டிக்கப் போறியாம்மா? பேசாம இரு லா" என்றார்.

"ஒரு புள்ள உசுரோட கெடக்குதுண்ணே. நீங்க சொல்லாட்டி நான் சொல்றேன்" என்றேன்.

இருவரும் கிராணியிடம் போனோம். அவர் மறுபடி போன் போட மறுத்து, தோட்டத்துத் துரை மலாக்காவிலிருந்து திரும்பட்டும் என்றார். துரை அன்று திரும்பவில்லை.

11ஆம் தேதி காலை ஒரு பிடி சோற்றை வாழையிலையில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வெட்டுக்குப் புறப்பட்டேன். காட்டிலுள்ளவர்களுக்குச் சோறு போகாதபடி கேட்டில் பெண்களைச் சோதிக்கும் சுசீலா அதைக் கண்டுபிடித்தார். யாருக்கு என்று கேட்டதற்கு மலையில் விழுந்தவருக்கு என்றேன். கேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு நியாலாஸ் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

காட்டிலுள்ளவர்களுக்குச் சோறு கொடுத்ததுண்டா என்று இப்போது கேட்டதற்கு: இல்லை. என் கணவரை 1950இல் நிரையில் வைத்துச் சுட்டது அவர்கள்தான்.

பகல் ஒரு மணிக்குப் பட்டாளத்து வெள்ளைக்கார ஆபீசர் ஒருவர் வந்து விசாரித்தார். நான் தங்கப்பல்லைப் பற்றிச் சொன்னதும், எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து லாரியில் ஏறச் சொன்னார். என் கைகளைக் கட்டி முன்னால் நடக்க விட்டார்கள். நான் வழி காட்டினேன். நான்கு மணிக்குச் சேர்ந்தோம். அந்தப் பிள்ளைக்கு இன்னும் உயிர் இருந்தது. தகரத்தை அறுத்து வெளியே எடுத்தார்கள். தூக்குப் படுக்கையில் கிடத்தியபோது என்னைப் பார்த்தார். என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, ஆபீசரிடம் இங்கிலீஷில் நான்கைந்து வார்த்தை சொன்னார். ஆபீசர் உடனே தம் கையாலேயே என் கட்டை அவிழ்த்தார். என்ன சொன்னார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் லாரியில் என்னை அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெம்பான் தாண்டியதும் தலைப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. நான் ஆபீசரைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

மறுநாள் அந்த ஆபீசரின் பட்டாளம் ஜொகூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகு காட்டிலுள்ளவர்களுக்குச் சோறு கடத்தியதாகப் போலீஸார் என் மேல் கேஸ் எழுதினார்கள். சோறு எடுத்துப்போனது உண்மை. அந்தச் சோறு தமக்குத்தான் என்று தெரிந்தவர் இறந்துவிட்டார். அவர் கடைசியாகச் சொன்னதைக் காதால் கேட்டவர் அந்த ஆபீசர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவரைக் கண்டுபிடித்து, அந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று கேட்டு இதில் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

மேலே உள்ளதைத் தமிழில் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்த உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன்.

முனியாயி, இடது பெருவிரல் ரேகை