வெறும் வவுத்துல குடுத்த மாத்திரை

ஜார்ஜ்: இந்த டப்பால இருந்த உன் முட்டி வலி மாத்திர எங்கம்மே?

சிலுவையம்மாள்: எதுக்கு? உனக்கு இன்னா முட்டி வலி?

ஜார்ஜ்: எனக்கு இல்ல...

சிலுவையம்மாள்: தெரியும்யா. நாய்க்கு. அதான் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன்.

ஜார்ஜ்: பாதி குடுத்தா போதும்மே. ராத்திரி பூரா பாக்ஸர் முனகிகினே கீது. வயசான நாய், பின்னங்கால ஊனவே முடியல. நீயும் கேட்டுகினுதானே இருந்த?

சிலுவையம்மாள்: நான் எங்க கேட்டேன்? நான் நல்லா தூங்கினேன்.

ஜார்ஜ்: ஆமா, தூங்கினவதான் எழுந்து போய் அதும்மேல சாக்கு போத்தினியா?

சிலுவையம்மாள்: செத்து கித்து வெச்சா வூடு நாறும். அதுக்குத்தான். நீ பேச்ச மாத்தாத. மனுசங்க மாத்திரய நாய்க்குக் குடுத்தா வவுறு புண்ணாயிடும், கிட்னி பூடும்னு மாட்டாஸ்பத்திரி டாக்டரு சொன்னாரா இல்லியா?

ஜார்ஜ்: சொன்னாருதான்... அது உனக்கு எப்டி தெரியும்? நீ வாசல்லயேதானே நின்னுகினு இருந்த?

சிலுவையம்மாள்: எனக்குக் காது இல்லியா? சரி, அவரு குடுத்த மாத்திர இன்னாச்சு?

ஜார்ஜ்: அது வந்து... நிறுத்திட்டேன்.

சிலுவையம்மாள்: யாரக் கேட்டுய்யா நிறுத்தின?

ஜார்ஜ்: குடுத்தா வாந்தி எடுக்குதும்மே. வெலயும் ஜாஸ்தி. அம்மாம் வெல குடுத்து வாங்கி வாந்தி எடுக்க வெக்கணுமா?

சிலுவையம்மாள்: எப்ப குடுப்ப?

ஜார்ஜ்: காலைல, ஹார்பருக்குக் கெளம்பறதுக்கு முன்ன.

சிலுவையம்மாள்: அதுக்கு முன்ன எதனா துன்னுதா?

ஜார்ஜ்: எங்க துன்னுது? நீ வெக்கிற கஞ்சிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. காசிமேட்ல பொறந்த நாய்மே அது. மீன் தல இல்லாம சோத்தத் தொட்டதே இல்ல.

சிலுவையம்மாள்: தபசு காலம்யா. ஈஸ்டர் வர்ற வரிக்கும் இந்த வூட்ல கவுச்சி கெடயாது.

ஜார்ஜ்: ஏன், பாக்ஸரு ஞானஸ்நானம் வாங்கிகினானா?

சிலுவையம்மாள்: வாயக் கழுவு!

ஜார்ஜ்: போன வருஷம் வெள்ளிக்கெயம மட்டுந்தானே நிறுத்தின? இந்த தபா இன்னா முழுசா...

சிலுவையம்மாள்: அது எனக்கும் சாமிக்கும். நீ மொதல்ல பூத்துலேர்ந்து ஹார்பருக்கு போன் அடிச்சு லீவு சொல்லு. அப்பால மீன்பாடி வண்டில ஏத்திகினு டாக்டராண்ட போ. வாந்தி எடுத்தத மறைக்காம சொல்லு.

ஜார்ஜ்: திட்டுவாரும்மே...

சிலுவையம்மாள்: வாங்கிக்கோ.

* * *

சிலுவையம்மாள்: இன்னாய்யா சொன்னாரு? ஏன் மூஞ்சி இப்டி தொங்குது?

ஜார்ஜ்: திட்டினாரு. வெறும் வவுத்துலயா குடுத்தன்னு கேட்டாரு. வவுத்த அமுக்கிப் பாத்து, நல்லவேள, ஒண்ணும் ஆவலன்னாரு.

சிலுவையம்மாள்: மாதாவே... மாத்திர?

ஜார்ஜ்: அதே மாத்திரதான். சோறு துன்ன அப்பால குடுக்கணுமாம். மறுபடி வாந்தி வந்தாலோ, வெளிக்குக் கறுப்பா போனாலோ ஒடனே நிறுத்திட்டுத் தூக்கினு வரணுமாம்.

சிலுவையம்மாள்: வெலய சொன்னியா?

ஜார்ஜ்: சொன்னேன். மொதல்லயே வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னான்னாரு. அதே மருந்து வேற கம்பெனில பாதி வெலைக்குக் கீதாம். அத எழுதிக் குடுத்தாரு. எட போட்டுப் பாத்து அளவும் கொறைச்சிருக்காரு. நீயா கூட்டாத, கொறைக்காத, என்னாண்ட வந்து கேளுன்னாரு.

சிலுவையம்மாள்: பாத்தியா? கேட்டிருந்தா இந்தப் பேஜாரே இல்ல.

ஜார்ஜ்: இப்ப மட்டும் இன்னா? சோறு துன்னாத்தானே மாத்திர? அது கஞ்சியத் தொடாது, நீ கவுச்சியத் தொட மாட்ட. நடுவுல சாவறது பாக்ஸரு.

சிலுவையம்மாள்: அந்தக் கூடைய எடு.

ஜார்ஜ்: எங்க போற?

சிலுவையம்மாள்: மார்க்கெட்டுக்கு.

ஜார்ஜ்: தபசு காலத்துலயா!

சிலுவையம்மாள்: கேள்வி கேக்காம ஸ்டவ்வப் பத்த வெய்யா.

* * *

ஜார்ஜ்: மெதுவா துன்னுடா டேய்... சட்டியவே முழுங்கிடுவான் போல கீது!

சிலுவையம்மாள்: முள்ள எடுத்தியா?

ஜார்ஜ்: எடுத்துட்டேன். நீ காரம் கீரம் போட்டியா?

சிலுவையம்மாள்: சும்மா வேக வெச்சதுதான். வவுறு ரொம்பட்டும்... ஆங், இப்ப அந்தக் கடைசித் துண்டுல மாத்திரய வெச்சுக் குடு.

* * *

ஜார்ஜ்: சிலுவ! வெளிய வா! எழுந்துட்டாம்மே... வாந்தியும் எடுக்கல... அடிபம்பு வரிக்கும் தானா நடந்துட்டான்!

சிலுவையம்மாள்: கத்தாதய்யா, பயந்து வுழுந்துடப் போவுது.

ஜார்ஜ்: வாலப் பாரு, வால! இன்னும் கொஞ்சம் நொண்டறான்... ஆனா நடக்கறான்மே! இன்னா நீ, அழுவுற?

சிலுவையம்மாள்: ஸ்டவ்வு பொக.

ஜார்ஜ்: அத அணைச்சு எம்மாம் நேரமாவுது! நாய்னாலே எரிஞ்சு வுழுவ. இன்னிக்கு அதுக்கோசரம் சாமிக்கு நிறுத்தினதயே ஒடச்சிட்டியே. கோயில்ல போய் இன்னா சொல்லுவ?

சிலுவையம்மாள்: தபசுக்குன்னு நிறுத்தலய்யா... இந்தச் சனியன் பழையபடி எழுந்து நடக்குற வரிக்கும் வூட்ல மீனே சமைக்க மாட்டேன்னு அந்தோணியாராண்ட நேந்துகினேன். என் நேர்ச்சதான்யா அத பட்டினி போட்டு வலில கெடக்க வெச்சுது... வுடு, அந்தோணியாராண்ட நான் பேசிக்கிறேன். நீ நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு மீன் தல இல்லாம வூட்டுக்குள்ள காலெடுத்து வெச்சுப் பாரு!