உடனே என்று ஒரு சொல்

உட்காருங்க போதகரய்யா, முதல்ல உட்காருங்க. மனு எங்க போயிடப் போகுது? டீயக் குடிச்சுட்டே பேசலாம். சர்க்கரையா? இந்த வீட்டுக்குள்ள சர்க்கரை நுழைஞ்சு ஏழு வருஷமாச்சே. அடிமைங்க முதுகுத்தோல உரிச்சு விளைவிச்ச இனிப்பு நமக்கு வேண்டாம்மான்னு ஷெஃபீல்டு முழுக்கக் கதவத் தட்டினவ இந்தக் கெசியா. என் டப்பாவுல எப்படி இருக்கும்?

அட, சட்டைப்பையிலேர்ந்து என்ன வருது? சர்க்கரைக் கட்டி! எந்த வீட்டுக்குப் போனாலும் கசப்பு டீயே குடுக்குறாங்கன்னு கையோட கொண்டாந்துட்டீங்களா? நல்ல மேய்ப்பர் போங்க. போட்டுக் கலக்குங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பெண்கள் கூட்டத்துல மட்டும் சொல்லுவேன், அவ்வளவுதான்.

சரி, வந்த விஷயத்துக்கு வாங்க. அடிமைகள உடனே விடுதலை பண்ணணும்னு நாங்க நாடாளுமன்றத்துக்கு எழுதினது உங்க ஆண்கள் கமிட்டிக்குப் பிடிக்கல. உடனேங்கிறத அடிச்சுட்டுப் படிப்படியான்னு மாத்தணும். இல்லைன்னா மனு ஊரத் தாண்டக் கூடாது. அதுக்குத்தானே மைக்கூடும் பேனாவுமா வந்திருக்கீங்க?

ஒண்ணு கேக்குறேன். நம்ம சாணைக்கார ஜேபஸ், அந்தத் தடியன், உங்க கால் மேல ஏறி நிக்கிறான்னு வைங்க. இறங்குடாங்குறீங்க. படிப்படியா இறங்குறேன் ஐயா, இந்த வருஷம் குதிகால், பெருவிரலப் பத்தி அடுத்த வருஷம் யோசிக்கிறேங்குறான். ஆமென் சொல்லுவீங்களா? சிரிக்கிறீங்க! மிதிபடுற கால் நம்மளோடதா இருந்தா அந்த வார்த்தை வாயில வராதுங்க. பாவத்த விடத் தவணை கேக்கலாம்னு வேதத்துல எங்க இருக்கு? எனக்குக் கண்ணு மங்கல், நீங்களே எடுத்துக் காட்டுங்க.

பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலையா? அதே ஜேபஸ் பொண்டாட்டி டமாரிஸுக்கு எழுதத் தெரியாது. மாவுக் கையோட ஓடி வந்து மனுவுல கையெழுத்துக்குப் பதிலா சிலுவைக் கோடு போட்டா. கோணிப் போச்சு. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பெத்த பிள்ளைய ஏலம் போடுறாங்களாமே, அந்தப் பிள்ளை உயிரோட இருக்கும்போதே இது போய்ச் சேருமாக்கான்னு கேட்டா. சேரும்னேன். நீங்க அந்தச் சொல்ல மாத்தினா நான் பொய் சொன்னவளாயிடுவேனே ஐயா.

இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்குங்க. என்ன அவசரம்? லண்டன் வண்டி நாலு மணிக்கா? அது கோடைக்கால நேரம். குளிர் தொடங்கினதும் மூணாக்கிட்டாங்களே. வண்டி கிளம்புறப்போ கொம்பு ஊதினது கேக்கலையா? பெண்களோட அடக்கத்தப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்களே, அப்பதான்.

ஆமா, மனுவும் அதுலதான் போச்சு. ரெண்டாயிரம் பேரு கையெழுத்து, நாங்க எழுதின சொல்லு எழுதினபடியே. தபால்ல இல்லைங்க, நம்பிக்கையான ஆள் கையில. யாரா? மத்தியானம் சாப்பாடு போட ஆளில்லாம வீட்டுல நீங்களே சமையக்கட்டத் துழாவினீங்களாமே? உங்க வீட்டம்மாதாங்க. தாள் தாளா ஒட்டித் தைச்சு மனுவச் சுருட்டினதும் அவங்கதான்.

ஐயா வருத்தப்படுவாரேன்னு சொல்லிப் பாத்தேன். அவர் நல்ல மனுஷர் கெசியா, என்னிக்காவது மனசு மாறிடுவார், அதுவரைக்கும் அந்த அடிமைங்க அங்க அடி வாங்கிட்டிருக்க முடியாதுன்னுட்டு வண்டிக்குக் கிளம்பிட்டாங்க.