சுமார் நாலு மணியளவில்

"சுமார்" என்ற சொல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஸ்டேஷன் ரைட்டர் ஐயா எழுதிக் காட்டிய முதல் தாளில் "சுமார் நாலு மணியளவில்" என்று இருக்கிறது. அவர்மேல் குறை சொல்லவில்லை. இந்த அறையின் சுவர்க்கடிகாரமே எட்டு நிமிடம் பிந்தி ஓடுகிறது. அதன் கீழே உட்கார்ந்து எழுதுகிறவர் வேறு என்ன எழுதுவார்? அதனால்தான் தாளையும் பேனாவையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அது நடந்தது நாலு மணி ஏழு நிமிடத்துக்கு.

என் பெயர் குமாரவேல். வயது நாற்பத்தாறு. திருவொற்றியூர்க் குப்பத்துக் கட்டுமரக்காரர் மகன். சின்ன வயதில் ராயபுரத்தில் ஒரு ரயில்வே துரை வீட்டில் பட்லராக இருந்தேன். பிறகு, யுத்த காலம் போக, பதினெட்டு வருடமாக மெட்ராஸிலிருந்து பினாங்கு போகும் பயணிகள் கப்பலில் சாப்பாட்டு அறைப் பொறுப்பு என்னுடையது. அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு நாளாவது சாப்பாட்டு மணி ஒரு நிமிடம் பிந்தி அடித்தது என்று யாராவது சொன்னால் நான் வேலையை விட்டுவிடுகிறேன். இப்போது அப்படிச் சொல்வதில் அர்த்தமில்லைதான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கப்பலில் போனதில்லை என்கிறீர்கள். சொல்கிறேன். முதல் நாள் எல்லாரும் வாந்தி எடுப்பார்கள். இரண்டாம் நாள் குறை சொல்வார்கள். மூன்றாம் நாள் ஒருவர் குடும்பக் கதை இன்னொருவருக்கு மனப்பாடமாகிவிடும். அதற்குமேல் ஆறு நாள் பயணத்தில் பார்க்க என்ன இருக்கிறது? தண்ணீர். அதனால் காலை ஆறுக்குக் காப்பி, எட்டரைக்குப் பலகாரம், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, ஐந்துக்குத் தேநீர், ஏழரைக்கு இரவுச் சாப்பாடு என்று ஐந்து மணியோசையில்தான் அவர்கள் நாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கரையில் இருப்பவனுக்கு நாளுக்கு நடுவே சாப்பாடு வரும். கடலில் இருப்பவனுக்குச் சாப்பாட்டுக்கு நடுவே நாள் வரும். மணி தவறினால் பெரிய மனிதர்கள்கூடச் சிறுபிள்ளையாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பினாங்கு நேரம் நம் நேரத்துக்கு இரண்டு மணி முந்தியது. அந்த இரண்டு மணியை ஒரேயடியாக விழுங்க முடியாது. அதனால் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை, தினமும் நாலு மணிக்குக் கப்பல் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளுவோம். பயணிகள் பகுதியில் ஆறு கடிகாரம். முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை போய்த் தள்ளுவது என் வேலை. அந்த நாட்களில் நாலு மணிக்கும் நாலரைக்கும் இடைப்பட்ட அரை மணி கப்பலில் கிடையாது. இல்லாத அரை மணியில் நடந்தது என்ன குற்றம் என்று ஒரு வக்கீல் கேட்கலாம். நான் கேட்கவில்லை.

காலடிப்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருந்த அய்யாத்துரை அந்தப் பயணத்தில் மனைவி சுகிர்தத்தம்மாளோடு ஏறினார். மகள் ஞானசெல்வி பினாங்கில் தலைப்பிள்ளை பெற்றிருந்தாள்; பேரனைப் பார்க்கப் போனார்கள். நல்ல மனிதர். தெற்கத்திப் பக்கத்துப் பேச்சு, பெரிய சிரிப்பு. அவரிடம் அவர் தகப்பனார் விட்டுப்போன சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று இருந்தது. அதை மாற்றமாட்டேன் என்றார்.

"எங்கய்யா வச்ச நேரம்லா தம்பி. கடலு சொல்லுதுன்னு மாத்துவேனா? என் வயித்துக்கு மெட்ராஸ் நேரந்தான் தெரியும்."

இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி பிந்தி வந்தார். மூன்றாம் நாள் இரவு ஒரு மணி. ஊருக்கெல்லாம் ஒரு வழி, இவருக்கு ஒரு வழி. ஆறிப்போன குழம்பைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தேன். அதற்கு எனக்குக் கோபம் இல்லை. ஒருவருக்குச் சூடு பண்ணலாம். ஆனால் நாலாம் நாள் மத்தியானம் ஏழு பேர் அவரோடு சேர்ந்து ஒன்றரைக்கு வந்தார்கள். "நாங்க அய்யாத்துரை நேரத்துக்காரங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடுத்த மேசையில் ஒரு கிழவர், "நாளைக்கு நானும் சேர்ந்துக்கிறேன்" என்றார். நான் தட்டுகளைத் திரும்ப வைத்தேன். ஒரு கப்பல் எப்படி மூழ்கும் என்பது எனக்குப் புரிந்தது. ஓட்டை விழுந்து மட்டும் மூழ்குவதில்லை.

அன்று நாலு மணிக்கு முக்காலியை எடுத்தேன். ஐந்து கடிகாரத்தைத் தள்ளிவிட்டு ஆறாவதற்கு வந்தேன். அது பின்தளத்தில் இருக்கிறது. அதற்கு எதிரே, சாமான் ஏற்றுவதற்காகக் கம்பியில்லாமல் இரண்டு சங்கிலி மட்டும் குறுக்கே போட்ட இடம் ஒன்று உண்டு. எல்லாரும் முகம் கழுவப் போயிருந்தார்கள். அய்யாத்துரை மட்டும் அங்கே நின்றிருந்தார்.

"என்ன தம்பி, அதுக்குள்ளயா? எனக்கு மணி மூணு ஏழுதான்," என்று கடிகாரத்தைக் காட்டினார்.

"குடுங்க சார், நான் வச்சித் தர்றேன்," என்றேன். விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துக் கொடுத்தார். திருப்பிக் கேட்டார். நான் கையைச் சங்கிலிக்கு அப்பால் நீட்டினேன். குழந்தையிடம் பலகாரத்தைக் காட்டி விளையாடுவார்களே, அப்படித்தான். அவர் சிரித்துக்கொண்டே எட்டினார். சங்கிலி தொய்ந்தது. அடுத்து நடந்ததைப் பிறகு எழுதுகிறேன். முதலில் தேநீரைச் சொல்லிவிடுகிறேன்.

மிதவை வளையம் இரண்டு முழத்தில் தொங்கியது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் இருந்தது. நான் குரல் கொடுத்திருந்தால் கப்பல் திரும்பியிருக்கும், படகு இறக்கியிருப்பார்கள், அவரை எடுத்தும் இருப்பார்கள். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். தேநீர் போயிற்று, இரவுச் சாப்பாடும் போயிற்று. நாற்பத்தெட்டுப் பேர் பட்டினி. ஒருவருக்காக நாற்பத்தெட்டுப் பேரைக் காக்கவைப்பது என்பதுதானே இத்தனை நாளும் நடந்துகொண்டிருந்த அநியாயம்? ஐந்துக்கு மணி அடித்தேன். தேநீர் நன்றாக இருந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

சுகிர்தத்தம்மாள் ஏறிய நாளிலிருந்து தலைசுற்றலில் படுக்கையை விட்டு எழவில்லை. கஞ்சி கொண்டுபோனபோது, "அவுக எங்க தம்பி?" என்று கேட்டார்.

"மேல காத்து வாங்கிகினு கீறாரும்மா. புழுக்கமா கீதாம், அங்கியே படுத்துக்கறேன்னு சொல்ல சொன்னாரு."

"அவுகளுக்கு எங்க படுத்தாலும் ஒறக்கம் வரும்," என்று கண்ணை மூடிக்கொண்டார். கடிகாரத்தை அவர் கணவருடைய தலையணைமேல் வைத்துவிட்டு வந்தேன். அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ள நான் திருடன் இல்லை.

மறுநாள் எட்டரைப் பலகாரத்துக்குத்தான் தேடினார்கள். பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. கப்பலைத் திருப்பிப் பயனில்லை என்றார் கேப்டன். குறிப்பேட்டில் "தவறி விழுந்தார், நேரம் தெரியவில்லை" என்று எழுதினார். எனக்கு மனது கேட்கவில்லை. நேரத்தைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சுகிர்தத்தம்மாள் அழவில்லை. "அவுகளுக்கு நீச்சல் தெரியுமே," என்று ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆம், தெரியும். கிணற்றில் குதித்து வளர்ந்தவன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். எவ்வளவு நேரம் நீந்தினார் என்பதை என்னால் சொல்ல முடியாது. அதுமட்டும் எனக்குத் தெரியாத நேரம்.

அன்று நாலு மணிக்கு, அந்தம்மா கேப்டன் அறையில் இருந்தபோது, உள்ளே போய் அந்தக் கடிகாரத்தையும் அரை மணி தள்ளிவிட்டுச் சாவி கொடுத்தேன். தப்பு நேரம் காட்டுகிற கடிகாரம் ஒரு அறையில் கிடக்கிறது என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது.

பினாங்கில் ஞானசெல்வி கைக்குழந்தையோடு துறையில் நின்றிருந்தாள். அவளிடம் யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இறங்குகிறவர்களுக்குள் தகப்பனைத் தேடிக்கொண்டிருந்தாள். மருமகன் அந்தக் கடிகாரத்தை வாங்கி, துறைமுகத்து மணிக்கூண்டோடு ஒத்துப் பார்த்து, "மாமா கெடியாரம் சரியாத்தான் ஓடுது," என்றான். அப்போதுதான் சுகிர்தத்தம்மாள் முதல்முறையாக அழுதார். புருஷனை நினைத்து அழுகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கடிகாரம் இரண்டு மணி பிந்தியல்லவா இருக்க வேண்டும்?

சிங்கப்பூர் போய்த் திரும்பிவந்த எங்கள் கப்பலிலேயே அவர் ஊருக்கு ஏறினார். இந்த முறை தலைசுற்றல் இல்லை. திரும்பும்போது கடிகாரங்களை அரை அரை மணியாகப் பின்னால் தள்ளுவோம். போகும்போது எடுத்ததை வரும்போது கொடுத்துவிடுவோம். எங்கள் கப்பலில் யாருடைய நேரமும் களவு போனதில்லை. முதல் தள்ளல் நாளன்று பின்தளத்துக் கடிகாரத்தின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இதையும் அரை மணி பின்னால தள்ளித் தாங்க."

வாங்கித் தள்ளிக் கொடுத்தேன். அது ரயில்வேக்காரர்கள் வைத்திருக்கும் வகை. தலையைத் திருகினால் முள் நகராது. கண்ணாடி மூடியைக் கழற்றி, ஒன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் சின்னக் கம்பியை நகத்தால் வெளியே இழுக்க வேண்டும். பிறகுதான் திருக வேண்டும். ராயபுரத்துத் துரையிடம் அப்படி ஒன்று இருந்தது. என் விரல் தானாகச் செய்துவிட்டது.

அந்தம்மா என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எப்பிடித் தொறக்கன்னு முப்பது வருசத்துல அவுக எனக்கே காட்டல. ஒங்களுக்கு யாரு காட்டுனா?"

பதில் சொல்ல நேரமில்லை. தேநீர் வேலை இருந்தது. அவர் கேப்டனிடம் போனார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

நேற்று என் தாயார் பவுனம்மாள் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, எனக்கென்று கொண்டுவந்த தூக்குச்சட்டியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தண்ணில கெடந்த மன்சன வுட்டுட்டா வந்தே?"

தேநீர் நேரத்தைச் சொன்னேன்.

"டீத்தண்ணிக்கோசரமாடா? உங்கொப்பன் மரம் கவுந்தப்போ தூக்கிகினு வந்தது யாரு? நம்ம வூட்டாண்ட வெட்டரிவாளோட நின்ன எத்திராஜிதான்டா தூக்கினான். பகையாளின்னு வுட்டுட்டா வந்தான்?"

அது உண்மை. கடலில் கிடப்பவன் பகையாளியானாலும் தூக்காமல் கரையேறக் கூடாது என்பது எங்கள் குப்பத்துச் சட்டம். ஆனால் அது கட்டுமரச் சட்டம். கட்டுமரத்தில் கடிகாரம் கிடையாது. இதை அம்மாவுக்கு விளக்கினேன். அவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில் சுறாப்புட்டு இருந்திருக்கும், வாசனை வந்தது. எனக்குக் கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது.

இனி, பிறகு எழுதுகிறேன் என்று மேலே சொன்னதை எழுதிவிடுகிறேன். சொன்னதைச் செய்யாமல் விடுவது என் வழக்கம் இல்லை.

அவர் உடனே விழவில்லை. கீழ்ச்சங்கிலி அவர் கையில் அகப்பட்டது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினார். என் காலுக்கும் அவர் விரலுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்.

"தம்பி, கையக் குடுங்க," என்றார். கத்தவில்லை. மண்டியில் ஆளிடம் எடைக்கல் கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் தூக்கிவிடுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பயணிகள் எதைக் கேட்டாலும் முதலில் சொல்வதையே நானும் சொன்னேன்: "ஒரு நிமிஷம் சார்."

முக்காலியில் ஏறினேன். பின்தளக் கடிகாரம் நாலு ஏழு காட்டியது. நாலு முப்பத்தேழு ஆக்கினேன். கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது, துடைத்தேன். அவருடைய கடிகாரம் கையோடு இருந்தது; அதையும் திறந்து சரியான நேரத்துக்கு வைத்தேன். முதுகுக்குப் பின்னால் "தம்பி" என்று இரண்டு தரம் கேட்டது. மூன்றாம் தரம் "குமாரவேலு" என்று கேட்டது. என் பெயரை அவர் தெரிந்துவைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

இறங்கித் திரும்பியபோது மணி நாலு முப்பத்தெட்டு. ஒரு நிமிடம் என்று சொன்னேன். ஒரு நிமிடத்தில் வந்துவிட்டேன். வழக்கம்போல, அவர்தான் நேரத்துக்கு இல்லை.